பார்சல் அக்கா பேசாமல் இருந்த ஆறு வாரம்

"ஆண்டவரே, பழைய ஆஸ்பத்திரி இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கிற புது கட்டடம். லிஃப்ட் இருக்கு, ஆனா பாதி நாள் ஓடாது. அதனால படிக்கட்டு வழியாவே வந்துடுங்க. மூணாவது மாடி, இடது பக்கம், எட்டாம் நம்பர் கட்டில். ஜன்னலோரம் படுத்திருக்கிறவர் வேற ஆளு, அவருக்குக் குடலிறக்கம். நம்ம ஆளு கதவோரம். நீலப் போர்வை."

இந்த இடத்தில் பார்சல் அக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்து உரக்க ஆமென் சொல்லிவிடுவார்கள். பழைய ஆட்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. எட்டாம் நம்பர் கட்டில் முதல் பெயர்தான். அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள். அந்தப் பதினேழு பேருக்கும் வீட்டு எண், தெரு, மாடி, அழைப்பு மணி வேலை செய்கிறதா இல்லையா என்பது வரைக்கும் விவரம் இருக்கிறது.

சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் புதன்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ஜெபக்கூட்டம் நடக்கும். கீழே கடைக்கு வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து அக்காவின் குரல் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஒரு வாடிக்கையாளர் எழுந்து உட்கார்ந்து, "யாரோ கட்டில் நம்பர் சொல்றாங்களே, அதுவும் விற்பனைக்கா?" என்று கேட்டதாகக் கடைக்காரர் சொல்வார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தேழு. பார்சல் நிலையத்தில், வந்து குவிகிற பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. ஓடுகிற பட்டையில் பெட்டிகள் வரும். அக்கா முகவரியைப் படித்து எந்த வண்டிக்கு என்று கத்துவார். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் அந்தக் குரல் அப்படி ஆகிவிட்டது. ஒரு பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் ரொட்டிப் பையைக்கூடச் சணல்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டித்தான் வைப்பார். மனிதர்களையும் அவர் பெட்டிகளைப் போலவே வகைப்படுத்துவார். "அந்தத் தம்பி உடையும் பொருள், பார்த்துப் பேசுங்க" என்பார். போதகரைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷன். ஆனா எடை குறைவு" என்பார்.

"ஆண்டவருக்கு எல்லாருடைய விலாசமும் தெரியும் சிஸ்டர்" என்று போதகர் ஒருமுறை நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"தெரியும் பாஸ்டர். தெரியாதுன்னா சொன்னேன்? நம்ம பக்கம் தப்பு இருக்கக் கூடாதுல்ல?"

அதற்குப் பிறகு போதகர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடை குறைவான மனிதர்.

நோட்டுப் புத்தகத்தில் குணமானவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு சரி. இறந்துபோனவர்களுக்குக் கறுப்பில் ஒரு கோடு. இரண்டுக்கும் அக்கா எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுதான். "கர்த்தருடைய சித்தம்" என்பார், பக்கத்தைத் திருப்புவார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றால் பின்னால் வருவது எல்லாம் கீழே விழுந்துவிடும் அல்லவா.

அக்காவின் கணவரைச் சபையில் கண்ணாடிக்காரர் என்று சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிறவர். ஒல்லியான ஆள். இரண்டாம் வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆமென் வரும் இடத்தில் சரியாக ஆமென் சொல்வார். அவர் பேசத் தொடங்கும்போது "வந்து..." என்று ஆரம்பிப்பார். மீதியை அக்கா முடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாக முடிப்பார்.

"வந்து, அந்த ஜன்னல்..."

"சாத்தணும், அவ்வளவுதானே? சாத்திட்டேன்."

அவருக்குத் திறக்க வேண்டும். ஆனாலும் பரவாயில்லை என்று புழுக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இப்படி முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் பார்சல் கூடத்தில் புதுப் பட்டை ஒன்று போட்டார்கள். பழையதைவிட வேகம், பழையதைவிட இரைச்சல். அக்கா அதற்கு ஈடுகொடுத்துக் கத்தினார். ஒரு மாதத்தில் குரல் காகிதம் கிழிகிற மாதிரி ஆனது. ஒரு புதன்கிழமை, பதினோராவது பெயரில், "ஆண்டவரே, பாலம் தாண்டினதும் வலது பக்கம் திரும்பி..." என்று சொன்னவர் அங்கேயே நின்றுவிட்டார். வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் திரும்பிய இடத்திலேயே காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த அறையில் அப்படி ஓர் அமைதி அதுவரை இறங்கியதே இல்லை. முன் வரிசையில் ஒரு அம்மா தேம்பி அழ ஆரம்பித்தார். போதகர் மெல்லிய குரலில், "கர்த்தருடைய பிரசன்னம் இறங்கியிருக்கிறது" என்றார். கண்ணாடிக்காரர்தான் முதலில் கண்ணைத் திறந்து பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

தொண்டை மருத்துவர் சின்னப் பெண். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுத் திரையில் காட்டினார். "பாருங்கம்மா, குரல்நாண்ல ரெண்டு பக்கமும் தடிப்பு. வேலை செஞ்ச கையில காய்ப்பு காய்ச்சிருக்கும்ல, அது மாதிரி. ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். கரைஞ்சுதுன்னா நல்லது. இல்லன்னா ஆபரேஷன். ஆபரேஷன் பண்ணினா குரல் எப்படி வரும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

அக்கா வாயைத் திறந்தார். மருத்துவர் விரலை உயர்த்தினார். அக்கா காகிதம் வாங்கி எழுதினார்: ஜெபம் பண்ணலாமா?

"தாராளமா. மனசுக்குள்ள."

மனசுக்குள்ளயா? என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார் அக்கா.

அன்று சாயங்காலமே ஒரு சிலேட்டும் சாக்கட்டிப் பெட்டியும் வாங்கினார்கள்.

பார்சல் கூடத்தில் முதல் வாரம் எல்லாருக்கும் காதுக்கு விடுமுறை. இரண்டாம் வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பன்னிரண்டு உலக உருண்டைகள் பல் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. பொய்ப்பற்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. மூன்றாம் வாரம் மேலாளரே இறங்கி வந்து, "அக்கா, எப்ப கத்த ஆரம்பிப்பீங்க?" என்று கெஞ்சினார்.

சபையில் வேறு விதமாக இருந்தது. நோட்டுப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது என்று போதகர் சுற்றிப் பார்த்தார். பின்வரிசையில் தையல் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். துணி திருத்தும் கடை வைத்திருப்பவள். நாலு வருஷமாகக் கூட்டத்துக்கு வருகிறாள். அவள் முறை வருவதற்குள் எப்போதும் கூட்டம் முடிந்துவிடும் என்பதால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நோட்டை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் எழுந்தாள்.

"ஆண்டவரே, அக்காவோட தொண்டை. அப்புறம் இதுல இருக்கிற எல்லாரும். ஆமென்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். மணி ஆறு பத்து. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகவும் மனசில்லை. கீழே மெத்தைக் கடையில்கூட இன்னும் விளக்கு அணையவில்லை. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கு என்ன கஷ்டம் என்று நேராகக் கேட்டுக்கொண்டார்கள். எட்டாம் நம்பர் கட்டில்காரர் ஐந்து மாதத்துக்கு முன்பே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்கா சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

மனசுக்குள் ஜெபிக்க அவருக்கு வரவே இல்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். இரண்டாவது பெயரிலேயே மனம் கடைக்குப் போய்க் காய்கறி வாங்க ஆரம்பிக்கும். மூன்றாவது பெயரில் தூங்கிவிடுவார். பார்க்க வந்த போதகரிடம் எழுதிக் காட்டினார்: சத்தம் இல்லாம எனக்கு ஜெபம் வரல பாஸ்டர். குறட்டைதான் வருது.

போதகர் சிரித்துவிட்டார். அக்கா அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார்: குரல் போயிடுச்சுன்னா ஆண்டவருக்கு என்னைத் தெரியுமா?

அதைப் படித்ததும் போதகர் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் வந்ததிலேயே அதுதான் நல்ல வருகை என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

நான்காம் வாரம் விளையாட்டு அரங்கத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூர் பிரசங்கியார் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒலிவாங்கி, பெரிய குரல். பக்கத்து வீட்டு அம்மா அக்காவைத் தள்ளிக்கொண்டே மேடைக்குக் கூட்டிப்போய்விட்டார். பிரசங்கியார் அக்காவின் நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். பிறகு ஒலிவாங்கியை நீட்டினார்.

"கட்டு அவிழ்ந்தது மகளே! அல்லேலூயா சொல்லு!"

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"விசுவாசத்தோட சொல்லு!"

அக்கா இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினார். பிரசங்கியார் கூட்டத்தைப் பார்த்து, "பிறவியிலேயே பேசாத சகோதரி" என்றார். சபைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து அடக்க முடியாத ஒரு சிரிப்பு வெடித்தது. அக்கா கோபத்தோடு சிலேட்டை எடுத்துப் பட்பட்டென்று எழுதி நீட்டினார். பிரசங்கியார் பழக்கதோஷத்தில் அதை ஒலிவாங்கியிலேயே வாசித்துவிட்டார்: "டாக்டர் இன்னும் பதினாறு நாள் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்களும் கொஞ்சம் தொண்டையைப் பார்த்துக்குங்க. அடியில கரகரப்பு கேக்குது."

அரங்கமே சிரித்தது. பிரசங்கியாரும் நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "அப்ப பதினாறு நாள் கழிச்சு நாம ரெண்டு பேரும் அல்லேலூயா சொல்லுவோம் சிஸ்டர்" என்றார், முன்னைவிட மெதுவாக.

இதற்கெல்லாம் நடுவில் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் வழக்கம்போல் "வந்து..." என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்துவிட்டுக் காத்திருப்பார். யாரும் முடித்துவைக்க மாட்டார்கள். முதல் வாரம் அவர் பயந்துபோனார். தொடங்கிய வாக்கியங்களை அப்படியப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டாம் வாரம், "வந்து, அந்த ஜன்னலை... திறக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். அக்கா இன்னும் அதிகமாக ஆச்சரியப்பட்டார். ஜன்னல் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மனிதருக்குப் பேச்சுப் பிடித்துவிட்டது. குழாய் சொட்டுவதைப் பற்றிச் சொன்னார். வில்லை தேய்க்கும்போது விரல் நுனியே சொல்லிவிடும், அளவுகோல் தேவையில்லை என்றார். கடைக்கு வந்த ஒரு கிழவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்து, 'நீயா?' என்று கேட்டதைச் சொன்னார். அக்கா சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மதியம் சமையலறை மேசையில் இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்து," என்றார் அவர். "நான் ஏழு வருஷமா ஜெபம் பண்ணல."

அக்காவின் கை நின்றது.

"கூட்டத்துக்கு வரேன். கண்ணை மூடுறேன். ஆமென் சொல்றேன். உள்ள ஒண்ணும் இல்ல. நீதான் பண்றியே, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அக்கா சிலேட்டை இழுத்தார். அவர் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"என் தம்பி போனான்ல, ஏழு வருஷம் முன்னாடி. நீ அவனுக்காக அவ்வளவு ஜெபிச்ச. வார்டு, கட்டில், டாக்டர் பேரு, எல்லாம் சரியாத்தான் சொன்ன. அவன் போனதுக்கு அடுத்த புதன்கிழமை நீ எழுந்து நின்ன. 'கர்த்தருடைய சித்தம்'னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிட்ட. அடுத்தது யாரோ ஒருத்தருக்கு முழங்கால் வலி. எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நானும் சொன்னேன். நான் இன்னும் தம்பிகிட்டயே நின்னுட்டிருந்தேன். நீங்க எல்லாரும் முழங்காலுக்குப் போயிட்டீங்க."

ஒரு பட்டாணி உருண்டு மேசையிலிருந்து கீழே விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

அக்கா சிலேட்டில் எழுதினார். அழித்தார். இன்னொன்று எழுதினார். அதையும் கையாலேயே அழித்தார், உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. குரல் மட்டும் இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு நீளமான ஜெபம் வந்திருக்கும் என்பது அவருக்கே தெரிந்தது. கணவர் தோளில் கை வைத்து, வீட்டு எண்ணிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, ஆமென் போட்டு முடித்துவைத்திருப்பார். கடைசியில் மூன்று சொல் எழுதி அவர் பக்கம் திருப்பினார்: தம்பியைப் பத்திச் சொல்லுங்க.

இரண்டு மணி நேரம் சொன்னார். தம்பிக்கு ஒரு காது சரியாகக் கேட்காது; திட்டுகிறவர்களுக்கு எப்போதும் அந்தக் காதையே காட்டுவான். சைக்கிள் ஓட்டத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அதனால் மரம் இருக்கிற தெருவாகப் பார்த்துத்தான் போவான். அண்ணன் தேய்த்த கண்ணாடியைத்தான் போடுவேன் என்று, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமல் வெறும் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்தான். அக்கா சிரித்தார், மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு அதே முகத்தோடு அழுதார். அழுகைக்கும் சத்தம் போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் தோள் மட்டும் குலுங்கியது. கண்ணாடிக்காரருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. அவர் வாய்விட்டே அழுதார். ஏழு வருஷத்து அழுகை.

பட்டாணியெல்லாம் உரித்தாயிற்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, கண்ணை மூடாமலே சொன்னார்:

"ஆண்டவரே, நான்தான். இன்னும் கோவமாத்தான் இருக்கேன். ஆமென்."

அக்கா ஆமென் சொல்லவில்லை. சொல்ல அனுமதி இல்லை. எழுதவும் தோன்றவில்லை. அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியபோது மனம் கடைக்குப் போகவில்லை, தூக்கமும் வரவில்லை. ஒரு பெயரும் சொல்லாமல் அரை மணி நேரம் அப்படியே இருந்தார். யாரோ பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது என்று மறுநாள் கணவருக்கு எழுதிக் காட்டினார். 'நான் ஒண்ணுமே சொல்லல, ஆனாலும்' என்று எழுதி, மேலே எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார். கணவரும் அந்த வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்தார். தடிப்பு ஏறக்குறைய கரைந்திருந்தது. "ஆபரேஷன் வேண்டாம்மா. எங்க, ஏதாவது சொல்லுங்க பார்ப்போம்."

முதல் வார்த்தை என்ன சொல்வது என்று அக்கா ஆறு வாரமாக யோசித்து வைத்திருந்தார். ஸ்தோத்திரம் என்று சொல்லலாம். அல்லேலூயா பாக்கி வேறு இருந்தது. வாயைத் திறந்தார். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

மணலில் செருப்பு உரசுகிற மாதிரி ஒரு குரல். மருத்துவர் இல்லை என்று தலையாட்டினார். ஸ்தோத்திரம் எல்லாம் படிக்கட்டில் இறங்கும்போது வந்தது, அதுவும் மூன்று முறை.

பார்சல் கூடத்தில் இப்போது அக்காவுக்கு ஒரு ஒலிபெருக்கி கொடுத்திருக்கிறார்கள். சபையில் விலாசம் சொல்லும் பழக்கம் போகவில்லை; போகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. லிஃப்டையும் படிக்கட்டையும் விட்டுவிட்டார். தெருப் பெயர் மட்டும் இருக்கிறது. தையல் தங்கச்சிக்கு ஒவ்வொரு வாரமும் முறை வருகிறது. அவள் ஜெபம் இப்போது இரண்டு வரியிலிருந்து ஐந்து வரியாக வளர்ந்திருக்கிறது. கண்ணாடிக்காரர் சில புதன்கிழமைகளில் ஆமென் சொல்கிறார், சிலவற்றில் சொல்வதில்லை. சொல்லாத நாளில் அக்கா திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் குழாய் வேலை செய்யும் அண்ணன் கூட்டத்துக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை அவருடைய அம்மா இறந்துபோனார். பதினோரு மாதம் அந்த அம்மாவுக்காக எல்லாரும் ஜெபித்திருந்தார்கள். அண்ணன் கடைசி வரிசையில், பக்கத்து நாற்காலிகள் காலியாக, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அந்தக் கரகரத்த குரலில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் பெயர் வந்தது. சொன்னார். நிறுத்தினார்.

போதகர் கண்ணைத் திறக்காமலே, "அடுத்தது சிஸ்டர்?" என்று மெல்லக் கேட்டார்.

அக்கா நோட்டை மூடினார். வரிசைகளுக்கு நடுவே பின்பக்கம் நடந்துபோய், ஒரு நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்து, அந்த அண்ணனுக்கு ஒட்டினாற்போல் போட்டு, உட்கார்ந்தார்.